காவலாளிக்கு வாக்கி-டாக்கி, தொட்டிக்குள் இறங்குபவருக்கு வெறுங்கையா?

கேளம்பாக்கம், படூர், சிறுசேரி சுற்றுவட்டாரத்தில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் வாக்கி-டாக்கியுடன் நிற்கும் காவலாளிகளைப் பார்க்கிறோம். அதே வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வருகிறவருக்கு ஒரு வாளியும் ஒரு கயிறும்தான். அவர் பெரும்பாலும் நம் சேரியிலிருந்து போனவர். மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்.

இந்தச் சாவுகள் தூரத்துச் செய்தியல்ல. 2016-இல் பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கத்து உணவகம் ஒன்றின் தொட்டியில் 4 பேர் மாண்டனர். 2019 மார்ச்சில் திருப்பெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு வீட்டுத் தொட்டியில் 6 பேர் இறந்தனர். உள்ளே போனவரிடமிருந்து குரல் வரவில்லை என்றதும், காப்பாற்ற இறங்கியவர்களும் ஒருவர்பின் ஒருவராகச் சரிவதுதான் இத்தகைய விபத்துகளின் வழக்கம்.

எனவே உள்ளிருப்பவருக்கும் மேலே நிற்பவருக்கும் இடையே பேச்சுத் தொடர்பு அவசியம். ஆனால், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு வாக்கி-டாக்கியைக் கொடுத்துவிட்டால் போதாது. தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடோடு மீத்தேனும் சேர்கிறது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் ஒரு சிறு தீப்பொறியே வெடிப்புக்குப் போதும். சாதாரண வாக்கி-டாக்கியின் பேட்டரி முனையோ, செல்போனோ அந்தப் பொறியைத் தரக்கூடும்.

இதற்கென்றே, வாயு பற்றிக்கொள்ளாத அளவுக்கு மின் ஆற்றலைக் கட்டுப்படுத்தி வடிவமைத்த வாக்கி-டாக்கிகள் உள்ளன. அவற்றில் ‘எக்ஸ்’ என்ற குறியும் சான்று எண்ணும் இருக்கும். நம் நாட்டில் இத்தகைய கருவிகளுக்கு ஒப்புதல் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம். அந்தக் கருவிக்குரிய பேட்டரியை மட்டுமே போட வேண்டும். பேட்டரி மாற்றுவதும் சார்ஜ் ஏற்றுவதும் தொட்டியருகே கூடாது. உடைந்த உறையோ, ஒடிந்த ஆன்டெனாவோ உள்ள கருவியை ஒதுக்கிவிட வேண்டும்.

கான்கிரீட் சுவருக்குள் அலை எட்டாமலும் போகலாம். அதனால் இறங்குமுன் பேசிச் சோதிப்பதும், கயிற்றை இழுத்துச் சைகை காட்டும் முறையைப் பேசி வைத்துக்கொள்வதும் முக்கியம். மேலே நிற்பவர் இடத்தைவிட்டு நகரக் கூடாது. பதில் நின்றால் அவர் உள்ளே குதிக்கவும் கூடாது. உடற்பட்டையில் மாட்டிய கயிற்றை முக்காலி வழியே இழுத்து மேலேற்றி, 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வாக்கி-டாக்கி நச்சுக் காற்றைச் சுத்தம் செய்யாது. அதைக் கையில் கொடுத்துவிட்டு ‘பாதுகாப்பு தந்தோம்’ என்று யாரும் தப்பிக்க முடியாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு ஆபத்தான முறையில் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாயு அளக்கும் கருவி, சுவாசக் கருவி, உடற்பட்டை, முக்காலி ஆகியவற்றை 2013-ஆம் ஆண்டு விதிகளே பட்டியலிடுகின்றன. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணம் போன உயிரைத் திருப்பித் தராது.

முதல் வழி இயந்திரம்தான். தொட்டி சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த எண்ணையும் இந்தச் சட்டத்தையும் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல வேண்டும். ‘கொஞ்ச நேர வேலைதான், இறங்கு’ என்று கூப்பிடுபவரிடம், கருவிகளைக் காட்டச் சொல்லிக் கேட்கும் துணிவு தொழிலாளிக்கு வர வேண்டும். குடியிருப்போர் சங்கங்களும் உள்ளாட்சிகளும் வாயிற்காவலுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையாவது தொட்டியருகே காட்டட்டும்.