செகண்ட் ஹாஃப்ல ஏன் சிரிக்க விடலை?

சாயந்திரம் காலேஜ் பஸ்கள் வரிசையா வந்து ஊரையே ஸ்தம்பிக்க வைக்கிற நேரத்துல, கேளம்பாக்கத்துல ஏதாவது ஒரு டீக்கடை ஓரமா நின்னு காதைத் தீட்டிக்கங்க. ஸ்கூல் படம், காலேஜ் படம் எதைப் பத்திப் பேச்சு வந்தாலும் ஒரே ரெடிமேட் விமர்சனம்தான்: 'ஃபர்ஸ்ட் ஹாஃப் செம காமெடி மச்சி. செகண்ட் ஹாஃப்தான் மொக்கை, ஒரே அழுவாச்சி!'

அதே மச்சி ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல லேப்டாப்பைத் திறந்து கொரியப் படம் பார்ப்பார். 2011-ல் வந்த 'சன்னி'யையே எடுத்துக்கங்க. எண்பதுகளில் ஏழு ஸ்கூல் பொண்ணுங்க சேர்ந்த ஒரு கேங். எதிர் கேங்கோட இவங்க முடியைப் பிடிச்சுச் சண்டை போடுறாங்க. எங்கே? ராணுவ ஆட்சிக்கு எதிரா மாணவர்கள் போலீஸோட மோதிக்கிட்டு இருக்கிற நடுரோட்டுல! பின்னணியில் ஜாலியா பாட்டு. கடைசியில் படம் போய் நிக்கிறது அந்த கேங்கில் ஒருத்தியோட சாவு வீட்டுல. சிரிச்சுக்கிட்டே இருந்த நம்ம ஆள் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'கொரியாக்காரன் கொரியாக்காரன்தான்டா'ம்பார். 2004-ல் வந்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் ஹைஸ்கூல்' இன்னும் ஒரு படி மேல. 1978-ல் நடக்கிற கதை. புரூஸ் லீ பைத்தியம் பிடிச்ச பையனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிறோம். ராணுவ முகாம் மாதிரி அடிக்கிற பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில் ரத்தத்தோட முடியுது.

சியோல்காரர் பண்ணினா 'என்னமா மூட் மாத்துறான்!' நம்ம பாலாஜி சக்திவேல் பண்ணினா 'அழுவாச்சி'. இது என்ன நியாயம் பாஸ்?

இதுல நம்ம பழக்கமும் கொஞ்சம் காரணம். தமிழ்ப் படத்துல சிரிப்பும் அழுகையும் கலக்காதுன்னு இல்லை. காலங்காலமா கலந்துதான் இருக்கு. ஆனா தனித்தனி டப்பாவுல! ஹீரோ ஒரு பக்கம் தங்கச்சிக்காக அழுவார், இன்னொரு பக்கம் காமெடி டிராக் அது பாட்டுக்கு ஓடும். அதை மட்டும் வெட்டி எடுத்து டி.வி-யில போட்டாலும் ஒண்ணும் குறையாது. சிரிக்க வைக்கிறவர் வேற, அழ வைக்கிறவர் வேற. சிரிக்க வெச்ச அதே பையன் செத்துப் போனாத்தான் நமக்குக் கோபம் வருது.

அந்தக் கோபத்தை 1979-லேயே வாங்கிக் கட்டிக்கிட்டவர் பாலு மகேந்திரா. 'அழியாத கோலங்கள்' பார்த்திருக்கீங்களா? மூணு விடலைப் பசங்க. ஊருக்குப் புதுசா வர்ற ஷோபா டீச்சர் மேல மூணு பேருக்குமே ஒரு 'இது'. பாதிப் படம் நம்ம ஒன்பதாங் கிளாஸ் டைரி மாதிரியே இருக்கும். அப்புறம் மூணு பேரில் ஒருத்தன் ஆத்துல மூழ்கிப் போயிடறான். வில்லன் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. மிச்சம் ரெண்டு பேர்.

பாலாஜி சக்திவேலோட 'காதல்' 2004. மதுரையில ஸ்கூல் பொண்ணும் டூ-வீலர் மெக்கானிக்கும் சென்னைக்கு ஓடி வர்றாங்க. (இன்னிக்குப் பார்த்தா 'ஸ்கூல் பொண்ணைக் கூட்டிட்டு ஓடுறது லவ்வா?'ன்னு உறுத்தும். உறுத்தட்டும், தப்பில்லை.) ட்ரிப்ளிகேன் மேன்ஷன் காட்சிகள் ஞாபகம் இருக்கா? விருச்சககாந்த் சான்ஸ் கேட்டு வருவாரே, அதேதான்! தியேட்டரே உருண்டு புரண்டு சிரிச்சது. ஆனா அந்த மேன்ஷன்ல இருக்கிறவங்க எல்லாருமே ஊரை விட்டு ஏதோ கனவோட வந்து மாட்டிக்கிட்டவங்கதான். அதனாலதான் யாரோ பெத்த ரெண்டு பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கத் துடிக்கிறாங்க. அதே வெள்ளந்தி மனசோட, பொண்ணு வீட்டுக்காரங்க நயமாப் பேசறதையும் நம்பிடறாங்க. நாம சிரிச்ச அப்பாவித்தனமும், அந்த ஜோடியைக் காவு கொடுத்த அப்பாவித்தனமும் ஒண்ணுதான். ரெண்டையும் எப்படிப் பிரிப்பீங்க?

2007-ல் வந்த 'கல்லூரி'க்குத்தான் திட்டு ஜாஸ்தி. புது முகங்கள், சாதாரண வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற சின்ன ஊர் காலேஜ். நடுவுல வெளியூர்லேருந்து வந்து சேர்ற தமன்னா. (நம்ம கிளாஸ்ல மட்டும் ஏன் பாஸ் இப்படி யாரும் வந்து சேர்றதில்லை?) கலாய்ப்பு, கடன், வெட்டி அரட்டை, சொல்லாம மறைச்சு வெச்ச பிரியம்னு கதை சாவகாசமா நகரும். அப்புறம் டூர் கிளம்பறாங்க. பஸ் கொளுத்தப்படுது. 'சம்பந்தமே இல்லாம முடிச்சுட்டாரு'ன்னு அப்பவே சொன்னவங்க உண்டு.

சம்பந்தம் இருக்கு. 2000-ம் வருஷம் பிப்ரவரி 2. ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனைன்னு தீர்ப்பு வருது. தமிழ்நாடு முழுக்கக் கலாட்டா. தர்மபுரி பக்கம் இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த டூர் பஸ்ஸுக்குத் தீ வைக்கிறாங்க. மூணு மாணவிகள் உள்ளேயே கருகிப் போனாங்க. அந்தத் தீர்ப்புக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? சேலம் கோர்ட் மூணு பேருக்குத் தூக்குன்னு சொன்னது 2007-ல், இந்தப் படம் வந்த அதே வருஷம். 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையா குறைச்சது. 2018-ல் மூணு பேரும் விடுதலையே ஆயிட்டாங்க.

அந்த மாணவிகளுக்கு யாரும் 'இடைவேளை' கார்டு போட்டுக் காட்டலை. படத்துல ஒரு கட்சிக்காரரை முதல் ரீல்லேயே உலவ விட்டு, மீசையை முறுக்க வெச்சு, 'இவராலதான் ஆபத்து'ன்னு நம்மளைத் தயார் பண்ணியிருந்தா விமர்சகர்கள் திருப்தி ஆகியிருப்பாங்க. ஆனா அது பொய்யாயிருக்கும். டூர் பஸ் கிளம்பறப்போ ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிறதுதான் நிஜம். பழைய மகாபலிபுரம் ரோடு முழுக்க தினமும் நாம அதைத்தானே பண்றோம்?

அதுக்காக மூட் மாத்துற எல்லாப் படத்துக்கும் சலாம் போட முடியாது. 2002-ல் 'துள்ளுவதோ இளமை'யில ஆறு ஸ்கூல் பசங்க வீட்டை விட்டு ஓடறாங்க. முதல்ல கிளுகிளுப்பு, அப்புறம் பயம், கடைசியில அட்வைஸ். அங்கே மூட் மாறுறது கதைக்காக இல்லை. முதல் பாதிக்கு மன்னிப்புக் கேக்கறதுக்காக! 'கல்லூரி' எதுக்கும் மன்னிப்புக் கேக்கலை. அந்த அரட்டையை எல்லாம் நிதானமா, ஆசையா எடுத்து வெச்சிருக்கார்.

இந்த சண்டே ஹாஸ்டல்ல போட்டுப் பாருங்க. 'டேய், இந்த வெட்டிப் பேச்சையெல்லாம் ஃபார்வர்ட் பண்ணுடா, தமன்னா வரட்டும்'னு பின்னாடியிலேருந்து ஒரு குரல் கண்டிப்பா வரும். மவுஸைக் கொடுத்துடாதீங்க.