பெண் முகத்து முடியும் நம் சமுதாயமும்

கூடங்குளம் வட்டாரத்தில் 'கதிர்' என்னும் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. 1988-இல் ஒப்பந்தமாகி, 2011-இல் இடிந்தகரையில் பெரும் போராட்டமாய் மூண்டு, 2013-இல் முதல் உலை இயங்கத் தொடங்கிய வரலாறு அச்சொல்லின் பின்னால் நிற்கிறது. ஆகவே, முகத்தில் மிகுதியாக முடி வளரும் பெண்ணுக்கு 'லேசர்க் கதிர்' சிகிச்சை என்றதும், கருப்பை கெட்டுவிடும், புற்று வந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பதறினால் வியப்பதற்கில்லை.

ஆனால் அவ்வச்சம் பொருந்தாது. உலையில் பிறக்கும் கதிர்வீச்சு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறியும் ஆற்றலுடையது. லேசரோ ஒளி, ஒரே நிறமாய்க் குவிக்கப்பட்ட ஒளி. முடிக்குக் கருமை தரும் மெலனின் அதை விழுங்கிச் சூடாகிறது. அச்சூடு முடியின் வேரைத் தாக்குகிறது. தோலுக்குச் சில மில்லிமீட்டர் அடியிலேயே அதன் வேலை முடிந்துவிடும். கருப்பையை அது எட்டுவதேயில்லை.

எனினும் அச்சத்துக்கு ஒரு மூதாதை உண்டு. 1920-களில் அமெரிக்காவில் 'டிரைக்கோ' என்ற பெயரில், அழகு நிலையங்களில் எக்ஸ்ரே பாய்ச்சியே முடியை உதிர்த்தார்கள். வலியில்லை, தழும்பில்லை என்று விளம்பரம் வேறு. ஆயிரக்கணக்கான பெண்கள் நம்பிச் சென்றனர். ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கிற்று, புண்ணாயிற்று, பலருக்குப் புற்றாயிற்று. எதற்காகச் சென்றோம் என்பதை வெளியே சொல்ல நாணியே பலர் வழக்காடவும் முன்வரவில்லையாம். அவர்களைக் கெடுத்தது எக்ஸ்ரே மட்டுமா? முடியைப் பற்றிய வெட்கமும் அல்லவா!

இன்றைய வணிகர்களும் அவ்வெட்கத்தையே முதலாக்குகிறார்கள். 'நிரந்தரமாக ஒழிப்போம்' என்பது அவர்கள் பல்லவி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இக்கருவிகளுக்கு ஒப்புக்கொண்ட சொல் 'நிரந்தரக் குறைப்பு' என்பதே, ஒழிப்பு அன்று. வளரும் பருவத்திலுள்ள முடியைத்தான் ஒளி அழிக்கும். உறங்கும் வேர்கள் பிறகு விழிக்கும். ஆகவே சில வார இடைவெளியில் பலமுறை செல்ல வேண்டியிருக்கும். நரைமுடிக்கு இது பயன்படாது. நம்மவர் தோலிலும் மெலனின் மிகுதி. வெள்ளைத் தோலுக்கு அமைத்த அளவில் கருவியை முடுக்கினால் முடிக்கு முன் தோல் வெந்துவிடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள 'என்டி-யாக்' வகையே கருந்தோலுக்குப் பெரிதும் பாதுகாப்பானது. எந்தக் கருவி, இயக்குபவர் தோல் மருத்துவரா என்று வினவாமல் முகத்தை நீட்டுவது அறிவுடைமையாகாது.

இனி, இதை ஒரே வீச்சில் ஹராம் என்று தீர்ப்பளிக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கு வருவோம். புருவம் பறிப்பதைக் கண்டித்து வந்த நபிமொழியை முகம் முழுவதற்கும் நீட்டுகிறார்கள். பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதை அகற்றுவது தடையன்று, விரும்பத்தக்கது என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியிருக்கிறார்களே! இமாம் தபரீ (ரஹ்) மாறுபட்டார்கள் என்பதும் உண்மை. கருத்து வேறுபாடுள்ள இடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி ஓர் ஏழைப் பெண்ணை அழ வைப்பது மார்க்கப் பணியா? மறைவிடத்து முடியைக் களைவது ஃபித்ராவில் சேர்ந்தது. நாற்பது நாளைக் கடக்க விடலாகாது. ஆனால் அதன் பொருட்டுப் பிறர்முன் அவ்ரத்தைத் திறப்பதற்கு இதில் நிர்ப்பந்தம் ஏதுமில்லை. வீட்டுச் சவரக்கத்தி போதும். பேச்சாளர்கள் இதையன்றோ விளக்க வேண்டும்!

என் சினமெல்லாம் பெண் பார்க்க வரும் கூட்டத்தின்மீதுதான். கைக்கூலியைப் பேசி முடித்த கையோடு, பெண்ணின் மேலுதட்டை உற்றுப் பார்க்கிறார்கள். 2024-இல் வடநாட்டில் தேர்வில் சிறந்து விளங்கிய மாணவியின் அறிவை விட்டுவிட்டு அவள் முகத்து முடியை ஊரே ஏளனம் செய்ததே, அக்கூட்டத்தின் உறவினர்தாம் இவர்கள்.

இந்த ஏளனத்துக்கு அஞ்சிய தாய், நகையை அடகு வைத்தாவது மகளை அழகு நிலையத்துக்கு ஓட்டுகிறாள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. பெண் முகத்தில் முடி தடித்து வளர்வது பல வேளைகளில் சினைப்பை நீர்க்கட்டி நோயின் அடையாளம்; 1935-இலேயே ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த நோய். அதைக் கவனியாது விட்டால் நீரிழிவு, பிள்ளைப்பேற்றில் தடை எனத் தொல்லைகள் தொடரக்கூடும். அடையாளத்தைச் சுட்டு அழித்துவிட்டு நோயை உள்ளே வளர விடுகிறோம். சுரப்பிக் கோளாறு தீராதவரை சுட்ட முடியும் திரும்பும். சிலருக்குச் சுட்ட இடத்தின் ஓரத்தில் முன்னிலும் அடர்ந்து வளர்வதும் உண்டு.

பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்குப் பேருந்துச் செலவு பெரிதன்று. மகளை முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனை முடியட்டும். அதன்பின் லேசர் வேண்டுமா, வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும். மாப்பிள்ளை வீட்டார் சொல்ல வேண்டியதில்லை.