ஓடாத வண்டி யாருக்கு வேண்டும்?

மூன்று வாரமாக ஒரு பழைய காரை வாங்குவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். 2014 மாடல் ஸ்விஃப்ட், டீசல், வெள்ளை நிறம். கோபிசெட்டிபாளையத்தில் நிற்கிறது. ஒரே ஓனர், கால்நடை மருந்து விற்கும் ஒரு ரெப். கேட்கும் விலை மூன்று லட்சம். இதுவரைக்கும் யாருக்கும் பிரச்சினை இல்லை. மீட்டரில் 2,10,000 கிலோமீட்டர் என்று சொன்னதும்தான் முகம் மாறுகிறது, ஏதோ ஆகாத குடும்பத்தில் சம்பந்தம் பேசப் போகிறேன் என்பதுபோல.

"ரெண்டு லட்சமா? தொடவே தொடாதீங்க ப்ரோ" என்றான் கூட வேலை செய்கிறவன். "அம்பதாயிரத்துக்குள்ள பாருடா, மத்ததெல்லாம் அடிச்சுப் போட்ட வண்டி" என்றார் சித்தப்பா. இருவரும் வண்டியைப் பார்க்கவில்லை. எண்ணைக் கேட்டார்கள், தீர்ப்பு சொன்னார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணைப் பற்றி நமக்கிருக்கும் பயத்தில் இயந்திர அறிவு கால்வாசிகூட இல்லை. மிச்சமெல்லாம் உழைத்த பொருளின் மேல் நமக்கு இருக்கும் அருவருப்பு. மீட்டர் குறைக்கும் தொழிலுக்குச் சோறு போடுவது புரோக்கரின் பேராசை மட்டுமில்லை, நம்முடைய இந்த அருவருப்பும்தான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நான் ஏமாந்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு யார்டில் 46,000 கிலோமீட்டர் காட்டிய வண்டியை வாங்கினேன். "டாக்டர் ஓட்டுன வண்டி சார், வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு." கிளட்ச் பெடலில் ரப்பர் புத்தம் புதுசாக இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அது ஏன் புதுசாக மாற்றப்பட்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது மாதம் கம்பெனி சர்வீஸுக்கு விட்டபோது, பதிவெண்ணைத் தட்டிய பையன் ஒன்றும் பேசாமல் கணினித் திரையை என் பக்கம் திருப்பினான். நான் வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே அந்த வண்டி 1,12,000-ல் சர்வீஸுக்கு வந்திருந்தது.

யார்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அந்த ஆள் கோபப்படவே இல்லை. டீ சொன்னார். "சார், உண்மையான கிலோமீட்டர் போட்டிருந்தா நீங்க இந்த கேட்டுக்குள்ளயே வந்திருக்க மாட்டீங்க" என்றார். அன்றைக்கு அந்த டீயைத் தூக்கி அவர் மேல் ஊற்றலாம் என்று இருந்தது. இப்போது யோசித்தால், அந்த மனிதர் செய்தது மோசடி, ஆனால் சொன்னது உண்மை. வண்டி தேடும் ஆப்பில் '50,000-க்குக் கீழ்' என்று கட்டம் கட்டித் தேடியது நான். பத்து வருட வண்டி, அதிலும் டீசல் வண்டி, எப்படி ஐம்பதாயிரத்துக்குள் ஓடியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். தினம் நிறைய ஓடுகிறவன்தானே கூடுதல் பணம் கொடுத்து டீசல் வாங்குவான்? நான் பொய்யைக் கேட்டேன். அவர் எடுத்துக் கொடுத்தார்.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001-ல் அவருக்கு நோபல் கிடைக்க அதுவே முக்கியக் காரணம். (இந்தியக் கிராமத்து வட்டிக்காரர்கள்கூட அதில் வருகிறார்கள்.) சாரம் எளிது. வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அது கட்டாது, அவன் சந்தையை விட்டுப் போய்விடுவான். கடைசியில் ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும். சரிதான். ஆனால் இதில் வாங்குபவன் பாவம், ஒன்றும் தெரியாதவன். நம்மூர் ஆள் அப்படியில்லை. சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு வாங்கலாம், மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாம். தெரிந்துகொள்ள வழி இருந்தும், ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவே விரும்புகிறான். அந்த எண்ணோ, இருப்பதிலேயே சுலபமாக மாற்றக்கூடியது. லேப்டாப்பும் ஒரு கேபிளும் இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அமெரிக்காவில் 1972-லேயே கூட்டாட்சிச் சட்டம் போட்டு இதைத் தடைசெய்துவிட்டார்கள். நம் ஆர்சி புத்தகத்தில் கிலோமீட்டருக்கு என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சரி, மீட்டர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது எதை அளக்கிறது? தூரத்தை. இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடியது, எப்படி ஓடியது என்பதை அது சொல்லாது. இது நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர் கேட்பது "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" என்று. ஜேசிபிக்கும் அதே கணக்கு. கார் என்று வந்ததும் அதே ஆள் அந்தப் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்.

கோபி ரெப்பின் வண்டிக்கு மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். சத்தி, அந்தியூர், பவானி, பெருந்துறை என்று பெரும்பாலும் வெளிரோட்டில் ஓடிய வண்டி. சராசரி வேகம் மணிக்கு 50 என்றால் 2,10,000 கிலோமீட்டருக்கு 4,200 மணி நேரம். சென்னையில் நான் பார்த்த இன்னொரு ஸ்விஃப்ட், அதே வருடம், 60,000 கிலோமீட்டர், விலை நான்கு லட்சத்துப் பத்தாயிரம். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குத் தினம் போய்வந்த வண்டி. சராசரி 15 வைத்துக்கொள்ளுங்கள், அதை வண்டி தொடுவதே அதிசயம். 4,000 மணி நேரம். இரண்டு இன்ஜினும் ஏறக்குறைய ஒரே வயசு. ஒன்று ஐந்தாவது கியரில் சீராக மூச்சுவிட்டு ஓடியது. மற்றொன்று முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே, கிளட்சை மிதித்து மிதித்து, ஆயில் முழுசாகச் சூடேறுவதற்குள் அணைக்கப்பட்டு, சாயந்திரம் மறுபடி அதே பாடு பட்டது. ஆயில் நன்றாகச் சூடானால்தான் அதில் சேரும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகும். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது நடப்பதில்லை. எனக்கு இந்த இரண்டில் எது 'அடிச்சுப் போட்ட வண்டி' என்று சித்தப்பாதான் சொல்ல வேண்டும்.

ஓடாமலே நின்ற வண்டி இன்னும் மோசம். ரப்பர் வெடிக்கும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், பேட்டரி செத்துவிடும், எலி வயரைக் கடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்ற சென்னைக் கார்கள் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடாமல்தான் பாழாயின.

பழைய கார் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். டாக்டர் ஓட்டியது. பேங்க் மேனேஜர் வண்டி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும். லேடி யூஸ்டு. கிட்டத்தட்ட வரன் தேடும் பக்கம்தான், 'கை படாதது' என்பதுதான் உச்ச தகுதி. எதிர்ப்பக்கத்தில் டாக்ஸி ஓடியது, ரெப் ஓட்டியது, டிரைவர் கையில் இருந்தது. ஒரு பொருள் யாருக்காவது சம்பாதித்துக் கொடுத்திருந்தால் அது நமக்குத் தீட்டு. சும்மா நின்றிருந்தால் புனிதம். டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் ஒழுங்காக ஆயில் மாற்றுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இழுத்தடிப்பவர்களும் உண்டு. ஆனால் வண்டி ஒருநாள் நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை என்பவனுக்கு வண்டியின் சத்தத்தில் வரும் மாற்றம் காதில் விழும். ஏசியும் பாட்டும் போட்டு ஓட்டும் எனக்கு விழாது.

நியூயார்க் பக்கம் இர்வ் கார்டன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1966-ல் வாங்கிய வோல்வோ காரை முப்பது லட்சம் மைலுக்கு மேல் ஓட்டினார். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்காமல் இல்லை. நாள் தவறாமல் பராமரித்தார், அவ்வளவுதான். நம் ஆட்கள் கையில் அந்த வண்டி மூன்றாவது வருடமே 'கொடுத்துட்டு வேற பாக்கலாம்' ஆகியிருக்கும்.

இரண்டு லட்சம் ஓடிய வண்டியில் ஒன்றுமே தேயாது என்று சொன்னால் நானும் ஒரு புரோக்கர் ஆகிவிடுவேன். தேயும். டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச், வீல் பேரிங், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் கேள்விக்குறிகள். அதனால்தான் ஈரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போனேன். காலை ஆறரை மணி. வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. சாவி திருப்பியதும் முதல் இரண்டு நொடி காதைக் கொடுத்தார். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். தளர்ந்திருந்தால் அந்த இரண்டு நொடியில் கடகடவென்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக அதே ஓட்டையின் மேல் வைத்தார். லேசாக ஆடியது, துள்ளி விழவில்லை. "பிஸ்டன் ரிங் நல்லாத்தான் இருக்கு தம்பி." புகை நீலமாக வரவில்லை. டயரில் 1123 என்று இருந்தது, 2023-ன் பதினோராவது வாரம் தயாரானது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து வெள்ளக்கறை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

இது ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் இன்ஜின். மாருதி ஒரு பெயரிலும் டாடா இன்னொரு பெயரிலும் விற்றார்கள். 2020 ஏப்ரலில் மாருதி டீசலையே நிறுத்திவிட்டாலும் ஊருக்கு ஊர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. அண்ணன் போட்ட கணக்கு: கிளட்ச், முன்பக்க சஸ்பென்ஷன், ஏசி வேலை, அவசரத்துக்குக் கொஞ்சம் என்று அறுபதாயிரம் எடுத்து வை. ஆக மொத்தம் மூன்று லட்சத்து அறுபதாயிரம். அந்த அறுபதாயிரம் கையில் இல்லாதவர் இந்த வண்டியை வாங்கக் கூடாது. ஆனால் அவர் அந்த நான்கு லட்சத்துப் பத்தாயிரம் வண்டியையும் வாங்கக் கூடாது. அதற்கும் கிளட்ச் போகும். எப்போது என்று தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓனர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, கிலோமீட்டர், தொகையோடு. 2020-ல் ஊரடங்கின்போது மட்டும் ஒரு முறை தள்ளிப்போயிருக்கிறது, அதையும் எழுதியிருக்கிறார். 2023 ஏப்ரலில் நாலு டயர் என்று ஒரு வரி. "முன்னாடி எடப்பக்கம் பள்ளத்துல எறங்குனா சத்தம் வருமுங்க. ஏசி மத்தியான வெயில்ல கொஞ்சம் திணறும். சொல்லிப்போட்டேன், அப்புறம் சொல்லலைங்காதீங்க." நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

நான்கு மாதமாக விற்கவில்லை. போன் செய்கிறவர்கள் கிலோமீட்டரைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்களாம். ஒரு யார்டுக்காரர் மட்டும் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்குக் கேட்டிருக்கிறார். மீட்டரை மட்டும் குறைத்துவிடுவதாகவும், நோட்டைக் கிழித்துப் போட்டுவிடும்படியும் சொல்லியிருக்கிறார். "எழுபதாயிரம்னு வெச்சா நாலு லட்சத்துக்குப் போயிருமுங்களாம். எனக்கு மனசு வரலைங்க. ஆனா மாசக் கடைசிக்குள்ள போகலைன்னா குடுத்துத்தான் ஆகோணும், பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்டோணும்."

அந்த வண்டி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பாலீஷ் போட்டு, கிளட்ச் பெடலுக்குப் புது ரப்பர் மாட்டி, 68,000 கிலோமீட்டரோடு ஏதாவது ஒரு கேட்டுக்குள் நிற்கும். கால்நடை டாக்டர் ஓட்டினது என்பார்கள். என் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்வார்: "டேய், ஒரு அருமையான வண்டி வந்திருக்கு."

நேற்று இரவு ரெப்புக்கு போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருகிறேன், நோட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க, நேத்து அந்தியூர், பவானி எல்லாம் போயிட்டு வந்துட்டேன். இப்ப ரெண்டு லட்சத்துப் பத்தாயிரத்து நூத்தி முப்பது காட்டுதுங்க. பரவால்லைங்களா?"