ஹோபார்ட்டில் பிறக்காத நடிகை

வானொலியில் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். திரும்ப அள்ள முடியாது. 2023 ஜனவரியில் ஒரு காலை நிகழ்ச்சியில் எனக்கு அது நடந்தது. நம் ஈப்போ பெண் டான்ஸ்ரீ மிஷல் யோ ஆஸ்கார் சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட செய்தி முந்தின இரவு வந்திருந்தது. "ஆசியாவிலிருந்து இந்தப் பட்டியலுக்குப் போகும் முதல் பெண்!" என்று குரலை உயர்த்திச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

பாட்டு முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. தைப்பிங்கிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "ஏம்மா, மெர்ல் ஓபரான்னு ஒரு நடிகை இருந்தாங்க. பம்பாய்ல பொறந்தவங்க. 1935ல வந்த படத்துக்கே அந்தப் பட்டியல்ல அவங்க பேரு வந்தாச்சு. கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா."

பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. சில அமெரிக்க இதழ்கள் முன்னெச்சரிக்கையாக, "தன்னை ஆசியர் என்று சொல்லிக்கொள்ளும் முதல் நபர்" என்று சுற்றி வளைத்து எழுதியிருந்தன. அப்படி ஏன் வளைக்க வேண்டியிருந்தது என்பதுதான் மெர்ல் ஓபரானின் கதை. மறுநாள் நான் வாசித்த திருத்தம் இருபது விநாடிகூட இல்லை. ஆனால் அந்த நடிகை என்னை விடவில்லை. கிடைத்த படங்களை எல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன்.

1911ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தவர். வீட்டில் கூப்பிடும் பெயர் குவீனி. தந்தை இந்திய ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலேயர். அம்மா என்று அவர் நினைத்து வளர்ந்த சார்லட், இலங்கை வேர்கள் கொண்ட கலப்பினப் பெண். உண்மையில் சார்லட் அவருக்குப் பாட்டி. அக்கா என்று நினைத்திருந்த கான்ஸ்டன்ஸ்தான் பெற்றவள். பிள்ளை பெற்றபோது கான்ஸ்டன்ஸுக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்றப் பாட்டி தாயானார், தாய் அக்காவானாள். ஆக, இந்தப் பெண்ணைச் சுற்றிச் சொல்லப்பட்ட முதல் பொய்யை அவர் சொல்லவில்லை. அது அவருக்காகத் தொட்டிலிலேயே தயாராக இருந்தது.

பிறகு கல்கத்தா. அங்கே டெலிபோன் ஆபரேட்டர் வேலை, மாலையில் அமெச்சூர் நாடகம், சினிமா ஆசை. அங்கே ஒரு வெள்ளைக்காரர் அவரோடு பழகினார் என்றும், ஒருநாள் வீட்டுக்கு வந்து கறுத்த நிறமுள்ள சார்லட்டைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஒதுங்கியவர் ஓர் உதவியும் செய்தாராம். பிரான்ஸுக்குப் போனால் ஓர் இயக்குநரிடம் அறிமுகம் கிடைக்கும் என்றாராம். பெண் கிளம்பிவிட்டாள், பாட்டியோடு.

லண்டனில் அவரைப் பிடித்துக்கொண்டவர் ஹங்கேரியிலிருந்து வந்த தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டா. 1933இல் எட்டாம் ஹென்றியைப் பற்றிய படத்தில் ஆன் போலின் வேடம். சில நிமிடங்கள்தான் வருவார், தலை வெட்டப்படும், அவ்வளவே. ஆனால் பார்த்தவர்கள் அந்த முகத்தை மறக்கவில்லை. குவீனி தாம்சன், மெர்ல் ஓபரான் ஆனார்.

புது நட்சத்திரத்திற்கு ஒரு பிறந்த ஊர் வேண்டுமே? பம்பாய் என்று போட்டால் அடுத்த கேள்வி வரும். எனவே ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவைப் பிடித்தார்கள். தலைநகர் ஹோபார்ட்டில், நல்ல வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தவர் என்று கதை. பிறப்புப் பத்திரம் கேட்டால், ஆவணங்கள் தீயில் எரிந்துவிட்டன. லண்டனிலிருந்தும் ஹாலிவுட்டிலிருந்தும் யாரும் கப்பலேறிப் போய் விசாரிக்க மாட்டார்கள் என்ற கணக்கு. கணக்கு தப்பவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை ஓடியது.

ஆரம்பத்தில் கொடுத்த வேடங்களைப் பாருங்கள். 1934இல் ஒரு படத்தில் ஜப்பானியப் பெண். அதே ஆண்டு இன்னொன்றில் ஸ்பானிய நடனக்காரி. எந்த ஊர் என்று தெரியாத கண்கள், கறுத்த கூந்தல். எனவே "எங்கேயோ தூரத்துப் பெண்" வேடம். ஹாலிவுட்டில் சாமுவேல் கோல்ட்வின் அதைத் தலைகீழாக்கினார். 1935இல் 'தி டார்க் ஏஞ்சல்' படத்தில் அவருக்கு இங்கிலாந்துப் பெண் வேடம். பெயர் கிட்டி. அலங்காரம் குறைவு, முடி இழுத்து வாரியிருக்கும்.

இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் கண் பார்வை போன காதலன் அதைக் கிட்டியிடமிருந்து மறைக்கிறான். அவள் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் அறையில் எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொண்டு, பார்வை உள்ளவன்போல் பேசுகிறான். ஒரு சின்ன இடத்தில் தடுமாற, அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் மெர்ல் ஓபரான் முகத்தை மட்டும் பார்த்தால் போதும். ஒருவன் தன் குறையை மறைக்க எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்பான் என்பது அவருக்குத் தெரியும். அறையை மனப்பாடம் செய்தவன் அவன் மட்டும் அல்லவே. இதை நான் கூடுதலாகக் கற்பனை செய்கிறேன் என்றும் நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த வேடத்துக்குத்தான் ஆஸ்கார் பரிந்துரை. அந்த ஆண்டு பட்டியலில் ஆறு பேர். 1936 மார்ச்சில் விருதை வாங்கியவர் பெட் டேவிஸ். பட்டியலில் ஆசிய ரத்தம் உள்ள ஒரு பெண் இருந்தது அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு ஊகம் தேவையில்லை, பக்கத்திலேயே பதில் இருந்தது. அன்னா மே வோங், லாஸ் ஏஞ்சலஸிலேயே பிறந்த அமெரிக்கச் சீன நடிகை. திறமையும் பெயரும் இருந்தன. அப்போதைய திரைப்படத் தணிக்கை விதிகளாலும் ஸ்டூடியோக்களின் பயத்தாலும் வெள்ளைக் கதாநாயகனோடு ஜோடி சேர முடியவில்லை. 1937இல் சீன விவசாயக் குடும்பக் கதையான 'தி குட் எர்த்' படமானபோது கதாநாயகி வேடம் அவருக்குத்தான் வரும் என்று பலர் நினைத்தார்கள். வந்தது லூயிஸ் ரெய்னருக்கு, வெள்ளைக்காரருக்கு. சீன முகம்போல ஒப்பனை போட்டு நடித்து ஆஸ்காரும் வாங்கினார்.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்கள் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்தது. 1923இல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் தொடர்பான வழக்கில், இந்தியர்கள் "வெள்ளையர்" அல்லர், எனவே குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946இல்தான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. மெர்ல் ஓபரானின் உச்சக்கட்டப் படங்கள் எல்லாம் அதற்கு முன்னால் வந்தவை. "பொய்க்காரி", "இனத்தை மறைத்தவள்" என்று இன்று ஒரு வரியில் முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சொல்லியிருந்தால் நமக்குப் பார்க்கப் படமே இருந்திருக்காது.

1939இல் 'வதரிங் ஹைட்ஸ்'. எமிலி புரோண்டேயின் நாவல். அதில் கதாநாயகன் ஹீத்கிளிஃப் நிறம் கறுத்த அநாதை. லஸ்கர் பிள்ளையாக, அதாவது ஆசியக் கப்பலோட்டியின் பிள்ளையாக, இருக்கலாம் என்றுகூட நாவலில் ஒரு பாத்திரம் பேசும். கதாநாயகி கேத்தி, இங்கிலாந்து மேட்டுநிலத்து வெள்ளைப் பெண். படத்தில் கறுத்த ஹீத்கிளிஃப் யார் தெரியுமா? ஆங்கிலேய நடிகர் லாரன்ஸ் ஒலிவியர். வெள்ளைக் கேத்தி? பம்பாயில் பிறந்த நம் குவீனி. இப்படி ஒரு நடிகர் தேர்வை வேண்டுமென்றே திட்டமிட்டால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள் கிடைத்தன, ஒலிவியருக்கும் ஒன்று. மெர்ல் ஓபரானுக்கு இல்லை. எனக்கு அதில் இன்னமும் வருத்தம்.

திரைக்கு வெளியே நடந்ததுதான் தாங்க முடியவில்லை. கூடவே வந்த சார்லட், வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் வேலைக்காரியாகக் காட்டிக்கொண்டார் என்று வரலாறுகள் சொல்கின்றன. பேத்தி வரவேற்பறையில் இருக்க, பாட்டி தேநீர்த் தட்டோடு வருகிறார். 1937இல் சார்லட் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து மெர்ல் ஓபரான் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து அவரை ஓவியமாக வரையச் சொன்னார். அம்மா என்று சுவரில் மாட்டினார். ஓவியத்தில் சார்லட்டின் நிறம் வெளுத்திருந்தது.

நம் வீடுகளில் கல்யாண ஆல்பத்தைப் புரட்டியிருப்பவர்களுக்கு இது புரியும். மணப்பெண்ணின் முகத்தைப் புகைப்படக்காரர் இரண்டு படி வெளுக்க வைத்துக் கொடுப்பார், வீட்டில் எல்லாரும் "நல்லா வந்திருக்கு" என்பார்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர் பெயரில் ஒரு விளக்கே இருக்கிறது. 1937இல் லண்டனில் ஒரு கார் விபத்து. அவர் நடித்துக்கொண்டிருந்த 'ஐ, கிளாடியஸ்' படம் பாதியில் நின்றுபோனது. அதன்பின் தோலில் வேறு பாதிப்புகளும் வந்தன. 1944இல் வெளிவந்த 'தி லாட்ஜர்' படத்தின் படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் ஒரு வேலை செய்தார். கேமரா லென்ஸுக்கு மிக அருகில் ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினார். கேமரா பார்க்கும் திசையிலிருந்தே வெளிச்சமும் விழுவதால் முகத்தின் குழிகளிலும் தழும்புகளிலும் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் தழும்பு தெரியாது. ஓபரான் பெயரைச் சுருக்கி அதற்கு 'ஓபி' என்று பெயர். இன்றும் படப்பிடிப்புகளில் அதே பெயர்தான். மறு ஆண்டே விளக்கு செய்தவரைக் கல்யாணமும் செய்துகொண்டார். இப்போது வானொலிக்காரர்களையும் முகநூல் நேரலையில் உட்கார வைக்கிறார்களே, எங்கள் முன்னால் வைக்கும் வட்ட விளக்கும் செய்வது அந்த வேலையைத்தான். அதை முடுக்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எந்த ஊரும்மா?" என்று கேட்டால், "கிள்ளான் பக்கம்" என்பேன். கிள்ளானிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம். தோட்டம் என்று சொன்னால் அடுத்து என் உச்சரிப்பைக் கூர்ந்து கேட்பார்களோ என்ற பயம். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவும் இல்லை. என் கிள்ளானை நான் கைவிட எட்டு வருடம் ஆனது. மெர்ல் ஓபரானால் தன் ஹோபார்ட்டைக் கைவிட முடியவில்லை.

1978இல் அந்த ஹோபார்ட்டே அவரைக் கூப்பிட்டது. "எங்கள் ஊர்ப் பெண்" என்று நகர மேயர் வரவேற்பு ஏற்பாடு செய்தார். அறுபத்தேழு வயது. போனார். பிறந்த ஊர் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்த ஊருக்குள், ஊரே கூடி வரவேற்கும் விருந்தில் நின்றார். அதிக நேரம் நிற்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். மறு ஆண்டு நவம்பரில், கலிபோர்னியாவின் மாலிபுவில் காலமானார். அதன் பிறகுதான் வாழ்க்கை வரலாறு வந்தது, பம்பாய்ப் பிறப்புப் பத்திரமும் வெளியே வந்தது.

ஆனாலும் டாஸ்மேனியாவில் சிலர் விடவில்லை. 2002இல் மெர்ல் ஓபரானைப் பற்றி 'தி டிரபிள் வித் மெர்ல்' என்ற ஆவணப்படம் எடுக்கப்பட்டபோது, அவர் அந்தத் தீவில் வாழ்ந்த சீனத் தாய்க்குப் பிறந்தவர்தான் என்று சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரி ஆவதற்காகக் கட்டிய கதை, அந்த ஊர்க்காரர்கள் வாயில் எப்படியோ அவரைத் திரும்பவும் ஆசியப் பெண்ணாக்கிவிட்டது.

தைப்பிங் ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். "நான் சொன்னது ஒரு திருத்தம்தானேம்மா. நீ பெரிய பாடமே படிச்சிட்டியே" என்றார். பிறகு, "அந்தக் கண்ணு தெரியாதவன் படம் எங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.