வாக்கர் என்றால் நடப்பவர் அல்ல

பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டிக்கொள்வது ஏன் என்று கேட்டால் பதில் தயாராக வருகிறது: "வெள்ளைக்காரன் ஸ்மித், டெய்லர், குக் என்று போட்டுக்கொள்ளவில்லையா? அதுவும் தொழில் பெயர்தானே?" தொழில் பெயர்தான். அதில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிடுவோம்.

வாக்கர். இங்கிலாந்தில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. இதற்கு நடப்பவர் என்று பொருளல்ல, மிதிப்பவர். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நெசவும் இறுகியிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட மூத்திரமும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். வடக்கே இவர் வாக்கர், தெற்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். வேலை ஒன்று, வட்டாரத்துக்கு ஒரு சொல்.

இந்த வேலை நம் நாட்டில் யார் தலையில் விழுந்திருக்கும், அவர்களை ஊருக்கு எந்தப் பக்கம் தள்ளியிருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. லண்டனில் ஃபுல்லர்கள் தொழிற்சங்கம் வைத்திருந்தார்கள். 1528இல் அது துணி கத்தரிப்போர் சங்கத்துடன் இணைந்தது. அப்படிப் பிறந்த சங்கம் அந்நகரின் 12 பெரும் சங்கங்களில் ஒன்று.

இங்கிலாந்து சமத்துவபுரமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அங்கும் பண்ணையடிமைகள் இருந்தார்கள். தலைவரியை எதிர்த்து 1381இல் உழவர்கள் கிளர்ந்தார்கள். தலைமை தாங்கிய வாட் டைலரின் பெயருக்கே ஓடு வேய்பவர் என்றுதான் பொருள். அடுத்த 7 ஆண்டில், 1388இல், ஒரு சட்டம் வந்தது: 12 வயதுவரை ஏர், வண்டி வேலை பார்த்த பிள்ளை அதே வேலையில்தான் கிடக்க வேண்டும், கைத்தொழில் பழகக் கூடாது. மனுவின் வாடை வீசுகிறதல்லவா? ஆனால் கொள்ளைநோயால் ஆள் பஞ்சம். கூலி கூடக் கிடைத்த இடத்துக்கு மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களைத் தடுக்கச் சட்டம் இருந்தது, சாத்திரம் இல்லை. அகமணமும் இல்லை.

அகமணம்தான் சாதியின் அடிப்படை என்று அம்பேத்கர் 1916லேயே கொலம்பியாவில் கட்டுரை வாசித்துவிட்டார். வாக்கர் வீட்டுப் பெண் ஸ்மித்தைக் கட்டினால் ஸ்மித் ஆகிவிடுவாள், அவ்வளவுதான். மார்கரெட் தாட்சரைப் பாருங்கள். தாட்சர் என்றால் கூரை வேய்பவர். அது கணவர் வழி வந்த பெயர். அப்பா ராபர்ட்ஸ் மளிகைக் கடைக்காரர். பிரதமரான பிறகு தொழிலாளர்களை அவர் என்ன பாடு படுத்தினார் என்பது தனிக்கதை, ஆனால் அவரை யாரும் கூரை வேய்கிற சாதி என்று பேசவில்லை.

வாக்கரையும் ஸ்மித்தையும் தாட்சரையும் தெருவில் ஒரே குரலில் கூப்பிடலாம். இங்கே சில சாதிப் பெயர்கள் திருமண அழைப்பிதழில் பட்டமாக அச்சாகின்றன. வேறு சிலரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். டெய்லரையும் குக்கையும் துணைக்கு அழைப்பவர்கள், ஸ்மித்துக்காக அப்படியொரு சட்டம் இங்கிலாந்தில் ஏன் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.