எலிக்குச் செலுத்திய காட்மியம், மனிதருக்குச் சேரும் ஈயம்: ஆய்வுகள் உணர்த்துவது என்ன?

கன உலோகங்கள் ஆண் எலிகளின் இனப்பெருக்கத் திறனைக் குறைப்பதாக ஆய்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம், ‘ஆண்மைக்கு ஆபத்து’ என்ற தலைப்புடன் அவை சமூக ஊடகங்களில் பரவுகின்றன. ஆய்வுகள் பொய்யல்ல. ஆனால், உலோகம் எவ்வளவு, எந்த வழியாக எலிக்குச் செலுத்தப்பட்டது என்ற விவரம் அத்தலைப்புகளில் இடம்பெறுவதில்லை.

காட்மியத்தின் இத்தன்மை புதிதாக அறியப்பட்டதன்று. ஒரே ஊசியில் எலியின் விந்தகத் திசு அழிவதைச் செக்கோஸ்லோவாக்கிய ஆய்வாளர் பாரிசெக் 1950-களில் விவரித்தார். துத்தநாகத்தையும் செலுத்தினால் அப்பாதிப்பு தடுக்கப்படுவதை அவரே காட்டினார். 1960-களில் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் ஏ.பி. கர், வி.பி. கம்போஜ் ஆகியோர் உலோக உப்புகள் விந்தகத்தில் ஏற்படுத்தும் விளைவுகளை ஆராய்ந்தனர். காட்மியம் முதலில் விந்தகத்தின் நுண்ணிய ரத்த நாளங்களைச் சிதைக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்து, விந்தணுக்களை உருவாக்கும் செல்கள் மடிகின்றன.

இத்தகைய ஆய்வுகளில் உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லி கிராம் என்ற அளவு பரவலாகக் கையாளப்படுகிறது. அதாவது, 250 கிராம் எடையுள்ள எலிக்கு ஒரே ஊசியில் 0.25 மில்லி கிராம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு விதித்துள்ள வரம்போ லிட்டருக்கு 0.003 மில்லி கிராம். அந்த வரம்பை எட்டிய நீரில் 83 லிட்டரில் இருக்கும் காட்மியம், உள்ளங்கையளவு விலங்கின் உடலில் ஒரே நொடியில் ஏறுகிறது. வாய்வழியாகச் சென்றால் அதில் சிறு பங்கே உடலில் சேரும். சுண்டெலிகளிலேயே சில வகைகள் இந்தப் பாதிப்புக்கு ஆளாவதில்லை. காட்மியத்தைத் திசுவுக்குள் கடத்தும் மரபணுவே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என 2005-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

இதனால் அச்சமே வேண்டாம் என்று பொருளில்லை. சிறுநீரகத்தில் சேரும் காட்மியம் அங்கு பத்தாண்டுகளுக்கும் மேல் தங்கும். புகைபிடிப்போரின் உடலில் அதன் அளவு மற்றவர்களைவிட அதிகம்.

ஈயத்தைப் பொறுத்தவரை எலியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. பிரிட்டன், இத்தாலி, பெல்ஜியம் நாடுகளின் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் ஈயம் சுமார் 45 மைக்ரோ கிராமைத் தாண்டியவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்தது. அவர்கள் ஈயத்துடன் அன்றாடம் பணிபுரிந்தவர்கள்.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் விலக்கப்பட்டது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. எஞ்சியிருக்கும் பெரிய ஊற்று, பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் முறைசாராப் பட்டறைகளே. ஈய நச்சு 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிடப்பட்டது. எனினும், நான்கைந்து பேருடன் வீட்டு முற்றத்தில் இயங்கும் பட்டறை அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. எலி ஆய்வைப் படித்துவிட்டுக் குடிநீர்க் குழாயைச் சந்தேகிக்கும் நகரவாசியைவிட, ரத்தப் பரிசோதனை முதலில் தேவைப்படுவது அங்கு உலையருகே நிற்கும் இளைஞருக்கே.