அபாச்சே மக்கள் இன்று



அபாச்சே என்றதும் கௌபோய் படங்களில் குதிரையேறி வரும் செவ்விந்தியர்தாம் பலருக்கு ஞாபகம் வருவர். அவர்கள் அழிந்துபோன ஒரு கூட்டத்தினர் என்று எண்ணுவோரும் உளர். ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் அரிஸோனா, நியூமெக்ஸிக்கோ, ஒக்லஹோமா மாநிலங்களில் அம்மக்கள் இன்றும் வாழ்கின்றனர்.

அரிஸோனாவில் வைட் மவுண்டன், சான் கார்லோஸ் பிரிவினரும், நியூமெக்ஸிக்கோவில் மெஸ்கலெரோ, ஹிக்கரியா பிரிவினரும் தமக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் வசிக்கின்றனர். இவர்கள் தாமே தெரிவு செய்த சபைகளும் நீதிமன்றங்களும் இவர்களுக்கு உண்டு. கிளைகளாலும் புல்லாலும் அமைத்த பழைய குடிசைகள் போய், மற்றவர்களைப் போன்றே சாதாரண வீடுகள் வந்துவிட்டன. மாடு வளர்த்தல், பனிச்சறுக்கு விளையாட்டிடங்கள், சூதாட்ட விடுதிகள், காட்டுத்தீ அணைத்தல் எனத் தொழில்கள் பல. ஆயினும் வறுமையும் வேலையின்மையும் பல வீடுகளை வாட்டுகின்றன.

1886 இல் ஜெரோனிமோ சரணடைந்தபின், பெண்களும் குழந்தைகளும்கூடப் போர்க்கைதிகளாகப் புளோரிடாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விடுதலை கிடைக்க 27 வருடங்கள் சென்றன. பிள்ளைகள் பலர் தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்களது முடி வெட்டப்பட்டது. தாய்மொழி பேசுவது தடுக்கப்பட்டது. நோயுற்று மரணித்தோரும் பலர்.

இத்தனைக்குப் பின்னும் இச்சமூகம் நிலைத்திருப்பதில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. மேற்கு அபாச்சேக்களிடையே பிள்ளை தாயின் குலத்தையே சேரும். பெண்பிள்ளை பருவமடைந்தால் நான்கு நாட்கள் சடங்கு நடைபெறும். உறவினர் கூடி உணவு பகிர்வர். மூத்த பெண்ணொருவர் அவளுக்கு வழிகாட்டியாக நிற்பார்.

இச்சடங்கு நடைபெறும் புனித இடங்களில் ஒன்று, அரிஸோனாவின் ஓக் ஃப்ளாட். அதன் அடியில் செம்பு இருக்கிறது. அந்நிலத்தைச் சுரங்கக் கம்பனிக்கு மாற்றிக் கொடுக்க 2014 இல் சட்டம் இயற்றப்பட்டது. சுரங்கம் தோண்டப்பட்டால் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் அகலமான பள்ளமே அங்கு மிஞ்சும். அபாச்சேக்கள் தம் மத உரிமையைக் காக்குமாறு நீதிமன்றம் சென்றனர். 2025 மே மாதத்தில் உயர்நீதிமன்றம் அவர்களது மேன்முறையீட்டை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. ஒரு பள்ளிவாசலோ தேவாலயமோ அவ்விடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

அன்று பாடசாலை பறித்த மொழியை இன்று தம் பாடசாலைகளிலேயே கற்பிக்கின்றனர். எனினும் மணித்தியாலக் கணக்கில் படிக்கும் பாடம் மட்டும் ஒரு மொழியை வாழவைக்காது. அடுப்படியில் தாயும் பாட்டியும் பிள்ளையோடு பேசும் வரைதான் அது உயிரோடிருக்கும். அபாச்சேத் தாய்மாரின் இன்றைய போராட்டம் இதுவே.